மொட்டை மாடியிலிருந்து ஒகேனக்கல் வரை: வீட்டிலேயே நடந்து ஊர் போவது எப்படி?

தர்மபுரியிலிருந்து ஒகேனக்கல் 46 கிலோமீட்டர். மொட்டை மாடியில் தினமும் 3 கிலோமீட்டர் நடந்தால் 16-ஆம் நாள் அங்கே போய்ச் சேர்ந்துவிடலாம். நடந்த தூரத்தை அன்றன்றைக்கு மேப்பில் குறித்து, எந்த ஊர் வந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போவதுதான் இந்த மெய்நிகர் பயணம். இதற்கு ட்ரெட்மில் வேண்டாம், பணம் கட்டிச் சேரும் செயலியும் வேண்டாம்.

1. தெரிந்த ஊராகப் பிடியுங்கள்

புதிதாகத் தொடங்குபவர்கள் எடுத்த எடுப்பில் இமயமலை, ஐரோப்பா என்று கிளம்பிவிடுகிறார்கள். பத்து நாள் நடந்தாலும் மேப்பில் புள்ளி நகர்ந்த மாதிரியே தெரியாது, சலித்துப்போகும். ஒகேனக்கல் வழியில் முதலில் இண்டூர், 30 கிலோமீட்டர் வாக்கில் பென்னாகரம், அப்புறம் காட்டுக்குள் இறங்கும் பாதை. எல்லாம் பஸ் ஜன்னலில் பார்த்த இடங்கள். "எங்கடி இருக்க?" என்று அம்மா போனில் கேட்டால் "பென்னாகரம் தாண்டிட்டேம்மா" என்று சொல்வதில் ஒரு குஷி இருக்கத்தான் செய்கிறது. கிருஷ்ணகிரிக்காரர்கள் சூளகிரி வழியாக ஓசூர் போகலாம். அதுவும் 50 கிலோமீட்டரை ஒட்டித்தான் வரும்.

2. தூரத்தை அளந்துகொள்ளுங்கள்

இதில் மட்டும் கொஞ்சம் பொறுமை வேண்டும். மாடியில் ஜி.பி.எஸ். செயலியை நம்பாதீர்கள். சின்ன இடத்துக்குள் சுற்றும்போது அது கன்னாபின்னாவென்று கோடு போடும். டேப்பை எடுத்து, நீங்கள் நடக்கப்போகும் பாதையை அளந்துவிடுங்கள். நீளம் 30 அடி, அகலம் 20 அடி என்றால் ஒரு சுற்று 100 அடி. ஒரு கிலோமீட்டர் என்பது 3,281 அடி. ஆக, 33 சுற்று நடந்தால் ஒரு கிலோமீட்டர்.

முப்பத்து மூன்றை மனசுக்குள் எண்ணிக்கொண்டு நடந்தால் இருபதுக்கு மேல் கட்டாயம் குழப்பம் வரும். நம்ம பக்கம் புளியங்கொட்டைக்கா பஞ்சம்? கைப்பிடிச் சுவர்மேல் இரண்டு கிண்ணம் வையுங்கள். ஒன்றில் 33 கொட்டை. சுற்றுக்கு ஒன்றாக எடுத்து மற்றதில் போட்டுக்கொண்டே போங்கள். கிண்ணம் காலியானால் ஒரு கிலோமீட்டர் முடிந்தது.

மாடி இல்லாத வீடா? எட்டு (காலடி) கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஹாலிலிருந்து சமையலறை வரை வழக்கம்போல் 10 எட்டு நடந்து, எத்தனை டைல்ஸ் தாண்டினீர்கள் என்று பாருங்கள். இரண்டடி டைல்ஸில் 11 வந்தால் 22 அடி, அதாவது எட்டுக்கு 2.2 அடி. அந்தக் கணக்கில் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1,500 எட்டு. போனே எட்டை எண்ணும், ஆனால் அது உங்கள் உடம்போடு இருக்க வேண்டும். நைட்டியில் பாக்கெட் இல்லை என்று மேஜைமேல் வைத்துவிட்டு நடந்தால் பூஜ்யம்தான் காட்டும்.

சீரியல் பார்த்துக்கொண்டே நின்ற இடத்தில் நடப்பவர்களும் இருக்கிறார்கள். தாராளமாகச் செய்யலாம். ஆனால் 1,500 எட்டுக்கு அரைக் கிலோமீட்டர் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள், இது நான் வைத்திருக்கும் சட்டம்.

3. பாதையைச் சுத்தம் செய்யுங்கள்

கழுத்து உயரத்தில் கொடிக்கயிறு, குறுக்கே தண்ணீர்த் தொட்டியின் பைப், டிஷ் ஆன்டெனாவின் கால். விடியற்காலை இருட்டில் இந்த மூன்றும்தான் ஆளைச் சாய்க்கும். கயிறை அவிழ்த்துவிட்டு, பைப்பைச் சுற்றிப் பாதை போடுங்கள். வெயில் காலத்தில் காலை 7 மணிக்கு முன்போ, சாயங்காலம் தளம் ஆறிய பிறகோ நடங்கள். சிமெண்ட் தளத்தில் வெறுங்காலோடு வேண்டாம், குதிகால் வலிக்கும். சர்க்கரை நோய் இருந்து பாதம் மரத்துப்போகிறவர்கள் ஷூ இல்லாமல் இறங்கவே கூடாது. இன்னொன்று, பத்துப் பதினைந்து சுற்றுக்கு ஒருமுறை திசையை மாற்றுங்கள். ஒரே பக்கம் திரும்பிக்கொண்டிருந்தால் ஒரே முழங்கால்தான் சுமையைத் தாங்கும்.

4. நடங்கள், எழுதுங்கள்

பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம் போதும். 3 கிலோமீட்டருக்கு முக்கால் மணி நேரம் பிடிக்கலாம். பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரத்தில் நாலு நாள் இப்படி நடந்தாலே அதைத் தாண்டிவிடுகிறீர்கள். முதல் வாரம் ஒரு கிலோமீட்டரோடு நிறுத்தினாலும் தப்பில்லை, ஒகேனக்கல் எங்கேயும் ஓடிவிடாது.

முடித்ததும் மாதக் காலண்டர் கட்டத்தில் பால் கணக்கு எழுதுவதுபோல எழுதிவிடுங்கள்: இன்றைக்கு 3, மொத்தம் 12. பிறகு கூகுள் மேப்பில் வழியைத் திறந்து, 12-ஆவது கிலோமீட்டரில் என்ன இருக்கிறது என்று விரலால் பெரிதாக்கிப் பாருங்கள்.

5. ஊர் வந்த பிறகு

ஒகேனக்கல் வந்துவிட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நிஜமாகவே பஸ் ஏறுங்கள். பரிசல், மீன் வறுவல், எண்ணெய் மசாஜ் என்று நடந்த காலுக்குக் கூலி கொடுத்துவிடலாம்.

அடுத்து, ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை போகும் தேசிய நெடுஞ்சாலை 44 நம் தர்மபுரி வழியாகத்தான் போகிறது. தொப்பூர் கணவாய், சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை, திருநெல்வேலி என்று கன்னியாகுமரிக்குச் சுமார் 540 கிலோமீட்டர். தனியாளாக தினமும் 3 கிலோமீட்டர் போட்டால் ஆறு மாதம். ஓசூர் சித்தி, பெங்களூரு அண்ணன் என்று நாலு பேர் வாட்ஸ்ஆப் குழுவில் சேர்ந்து அவரவர் தூரத்தைக் கூட்டினால் ஒன்றரை மாதத்தில் கடல் தெரிந்துவிடும்.

நடுவில் காய்ச்சல், கல்யாணம் என்று நாலு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரட்டிப்பாக நடந்து ஈடுகட்டப் பார்க்காதீர்கள், காலில் பிடித்துக்கொள்ளும். நாமக்கல்லில் நின்றிருந்தால் நாமக்கல்லிலிருந்தே கிளம்புங்கள்.