நன்மை செய்யும் பூச்சிகளை நாமே அழித்துவிடும் தவறுகள்

திருகோணமலையில் வீட்டு வளவிலும் சிறு தோட்டத்திலும் கத்தரி, மிளகாய், பயற்றை வளர்ப்போரில் சிலர், பீடைகளை உண்ணும் பூச்சிகளை எங்கே வாங்கலாம் என்று விசாரிக்கின்றனர். அவற்றுள் பல ஏற்கனவே நம் வளவிலேயே வாழ்கின்றன என்பதையும், அவற்றை இனங்காணாமல் கொன்றுவிடுவதே தவறுகளில் முதன்மையானது என்பதையும் அவர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

சிவந்த முதுகில் கரும்புள்ளி கொண்ட பொறிவண்டைப் பலரும் அறிவர். ஆனால் அதன் குடம்பி (முட்டையிலிருந்து வெளிவரும் இளம் பருவம்) சிறு முதலையைப் போன்ற நீண்ட கரிய உடலும் செம்மஞ்சள் புள்ளிகளும் கொண்டிருப்பதால், புதிய பீடை என்று நசுக்கப்படுகிறது. கொழுந்துகளில் திரண்டு சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சியான அழுக்கணவனை உண்பதில் அந்தக் குடம்பி வளர்ந்த வண்டுக்குச் சளைத்ததன்று. குடம்பிப் பருவத்தில் பீடைகளை உண்ணும் கண்ணாடிச் சிறகுப் பூச்சி மெல்லிய காம்புகளின் நுனியில் ஒவ்வொன்றாக இடும் வெள்ளை முட்டைகளைப் பூஞ்சணம் என்று எண்ணித் துடைத்துவிடுகிறோம். வெண்மெழுகு போர்த்திச் சாறு உறிஞ்சும் வெண்மூட்டுப்பூச்சியை உண்ணும் சில பொறிவண்டுகளின் குடம்பிகளோ வெண்மெழுகால் மூடப்பட்டு, தாம் உண்ணும் பீடையைப் போலவே தோன்றுகின்றன. வேகமாக நகர்வதைக் கொண்டே அவற்றைப் பிரித்தறியலாம்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. 28 புள்ளிகள் கொண்ட, பளபளப்பற்ற, நுண்மயிர் படர்ந்த வண்டு பொறிவண்டுக் குடும்பத்தைச் சேர்ந்ததாயினும், கத்தரி இலையைச் சுரண்டி நரம்புகளை மட்டும் எஞ்சவிடும் பீடையாகும். அதைக் காப்பாற்ற வேண்டியதில்லை.

பீடையைக் கண்டதும் நாசினி தெளிப்பது அடுத்த தவறு. அழுக்கணவன் இணைசேராமலேயே குஞ்சு ஈனும், அக்குஞ்சும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் ஈனத் தொடங்கும். பொறிவண்டு முட்டையிலிருந்து வண்டாக மாறவோ மூன்று வாரமளவில் ஆகும். ஆகவே இரண்டையும் ஒருசேரக் கொல்லும் நாசினியைத் தெளித்தால், பீடை முதலில் மீண்டுவரும், அதை உண்பது பிந்தியே வரும். சவர்க்காரக் கரைசலும் மேலே படும் குடம்பிகளைக் கொல்லக்கூடும் என்பதால், இலையின் அடிப்புறத்தைப் பார்த்து, பீடை திரண்ட கொழுந்துகளுக்கு மட்டும் தெளிக்க வேண்டும். ஒரு பீடைகூட இருக்கக்கூடாது என்ற பிடிவாதமும் பொருந்தாது. உணவில்லாத இடத்தில் பொறிவண்டு தங்காது.

எறும்பைக் கவனியாமல் விடுவதால் வரும் கேட்டை மிகச் சிலரே உணர்கின்றனர். அழுக்கணவனும் வெண்மூட்டுப்பூச்சியும் சுரக்கும் இனிப்புநீருக்காக எறும்புகள் அவற்றைக் காவல் காத்து, அவற்றை உண்ணும் பூச்சிகளான இரைகொல்லிகளை விரட்டுகின்றன. எறும்பு ஏறும் வழியைத் தடுத்த பின்னரே மற்றவற்றின் பயன் தெரியும்.

வலைக்கூடாரத்தில் பயிரிடுவோர் வேறொன்றை நினைவிற்கொள்ள வேண்டும். நெருக்கமான வலை பொறிவண்டை வெளியே நிறுத்தும். ஆனால் பனிப்பூச்சி போன்ற மிகச் சிறிய பீடைகள் வலைக்கண் வழியாகவோ நாற்றுடனோ உள்ளே வந்து, எதிரியின்றிப் பெருகும். அங்கு இரைகொல்லிகளை நாமே கொண்டுசென்று விட வேண்டும். அதுவும் பீடை பெருகி இலைகள் சுருண்ட பின்னரன்று, முதல் அறிகுறி தென்பட்டவுடனேயே. நண்பகல் வெப்பத்தில் விடாமல், மாலையில் இலைகளைச் சற்று ஈரமாக்கிய பின் விடுவது நல்லது.

கச்சான் காற்று வீசும் வறண்ட மாதங்களில், இலைச்சாற்றை உறிஞ்சும் மிகச் சிறிய உயிரான சிற்றுண்ணி விரைந்து பெருகும். அதை உண்ணும் இரைகொல்லி உண்ணிகளின் முட்டைகள் பொரிக்கக் காற்றில் போதிய ஈரப்பதன் வேண்டும். எனவே நிழலும் நீர்த்தெளிப்பும் இன்றி அவற்றை விடுவது வீண்செலவு.

வெளிநாட்டிலிருந்து உயிருள்ள பூச்சிகளைத் தாமே தருவிக்க எவரும் முயலக்கூடாது. 2008 இல் பப்பாசியில் பரவிய வெண்மூட்டுப்பூச்சிக்கு எதிராக 2009 இல், அதன் உடலுள் முட்டையிட்டு அதைக் கொல்லும் ஓர் ஒட்டுண்ணிக் குளவி இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது; அத்தகைய அறிமுகம், அந்தப் பூச்சி வேறு உயிர்களைத் தாக்குமா என்று ஆராய்ந்தபின் அரச அனுமதியுடன் செய்யப்பட வேண்டியது. நம் வளவுக்கு, பயிரோரத்தில் பூக்க விட்ட கொத்தமல்லியும் கடுகும் போதும். வளர்ந்த கண்ணாடிச் சிறகுப் பூச்சிகளும், குடம்பிப் பருவத்தில் அழுக்கணவனை உண்ட ஈக்களும் அவற்றின் தேனையும் மகரந்தத்தையும் நாடி வரும்.