புதிய தாளைப் பழைய தாளாக மாற்றுவது எப்படி?

கைவினைக் குறிப்பேட்டுக்கோ வாழ்த்து அட்டைக்கோ தாளைப் பழமையாக்க முனைபவர்களில் பலர் அதைச் சாயத்தில் தோய்ப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்; தாள் பழுப்பாகிறதே தவிர, பழையதாகத் தெரிவதில்லை. மரக்கூழில் உள்ள லிக்னின் (மர இழைகளைப் பிணைத்திருக்கும் பொருள்) காற்றும் ஒளியும் பட்டு நிறம் மாறுவதே தாள் பழுப்பதற்கு முக்கியக் காரணம். அடுக்கி வைத்த தாள்களில் இவை ஓரங்களையே முதலில் எட்டுவதால், பழைய தாளின் ஓரம் அடர்ந்தும் நடுப்பகுதி வெளிறியும் இருக்கும். நாமும் அப்படியே நிறமேற்ற வேண்டும்.

பூச்சு இல்லாத, 100 முதல் 120 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) கனமுள்ள தாளைத் தேர்ந்தெடுங்கள். பளபளப்பான தாள் சாயத்தைச் சரியாக உறிஞ்சாது. எழுத்துகளை அச்சிடுவதாக இருந்தால் லேசர் பிரிண்டரே நல்லது, ஏனெனில் இங்க்ஜெட் மை பெரும்பாலும் நீரில் கரைந்துவிடும்.

முதலில், ஓரத்தின் மேல் ஸ்கேலை அழுத்திப் பிடித்து, தாளை மெதுவாக இழுத்துக் கிழியுங்கள். பிறகு அதை நன்றாகக் கசக்கி விரித்துவிடுங்கள். நனைப்பதற்கு முன்பே கசக்குவது மிக முக்கியம்: மடிப்புகளில் இழைகள் உடைந்திருப்பதால் அங்கே சாயம் கூடுதலாக இறங்கி, இலை நரம்புகளைப் போன்ற கோடுகள் தோன்றும்.

ஒரு கப் கொதிநீரில் மூன்று தேநீர்ப் பைகளைப் பத்து நிமிடம் ஊறவைத்து, ஆறியதும் தட்டில் ஊற்றித் தாளை ஐந்து நிமிடம் அமிழ்த்துங்கள். வெளியே எடுத்துச் சமதளத்தில் பரப்பி, நடுப்பகுதியைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, ஓரங்களில் மட்டும் ஈரத்தை விட்டுவையுங்கள். தேங்கிய சாயம் உலரும்போது நிறத்துகள்கள் அதன் விளிம்புக்கு நகர்ந்து படிவதால், பழைய நீர்க்கறையின் கருவரி தானாகவே உருவாகும். ஈரம் இருக்கும்போதே இன்ஸ்டன்ட் காபித்தூளைச் சிட்டிகையளவு தூவினால், ஒவ்வொரு துகளும் கரைந்து சிறு புள்ளியாகப் பரவும்; இரண்டு நிமிடத்தில் ஒற்றி எடுத்துவிடுங்கள். இந்தப் புள்ளிகள் குறைவாக இருந்தால்தான் அழகு.

தாளை முழுமையாக உலர்த்துங்கள். ஈரம் மிஞ்சினால் பூஞ்சை பிடிக்கும். பின்னர் மேலே துணி விரித்து, நீராவி இல்லாமல் இஸ்திரி போடுங்கள்.

கடைசியாக, ஓரங்களை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, பழுப்பு மையைப் பஞ்சில் தொட்டு வெளியிலிருந்து உள்நோக்கி ஒற்றுங்கள். சிலர் மெழுகுவத்தியால் ஓரத்தைக் கருக்குவார்கள். தீ விபத்துக்கு இடமளிக்கும் அந்த முறையை நான் பரிந்துரைப்பதில்லை.

தேநீருக்கும் காபிக்கும் அமிலத்தன்மை உண்டு, அது நாளடைவில் புகைப்படங்களைக் கெடுக்கக்கூடும் என்பதால், இந்தத் தாளில் அசல் புகைப்படங்களை ஒட்டாமல் அவற்றின் நகல்களையே ஒட்டுங்கள்.