விண்மீனும் நிழலும் கொண்டு பருவம் அறிதல்: போர்னியோ மழைக்காட்டு முறை

நிலநடுக்கோடு கடந்து செல்லும் போர்னியோத் தீவில் ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழ 12 மணி நேரமே நீடிக்கிறது. வெப்பமும் பெரிதாக மாறுவதில்லை. ஆயினும் காட்டை வெட்டி, காயவிட்டு, எரித்து, சாம்பலில் மலைநெல் விதைக்கும் மக்களுக்கு நாள் தவறக் கூடாது. வெட்டிய மரம் காயும் முன்பே மழை பிடித்துக்கொண்டால் தீ பற்றாது. விதைப்புக்கு வெகுமுன்பே எரித்துவிட்டால் களை முந்திக்கொள்ளும். மழையை மட்டும் நம்ப முடியாததால்தான் அவர்கள் முதலில் வானத்தைப் பார்த்தார்கள். அந்த முறையை நம் ஊரிலிருந்தே பழகலாம்.

முதல் படி: கார்த்திகையைக் கண்டுகொள்ளுதல்

நாம் கார்த்திகை என்று அழைக்கும் விண்மீன் கூட்டத்தைச் போர்னியோவில் உள்ள மலேசிய மாநிலமான சரவாக்கின் இபான் மக்கள் 'பிந்தாங் பன்யாக்', அதாவது 'பல விண்மீன்கள்' என்கிறார்கள். மே மாதத்தில் சூரிய ஒளியில் மறையும் இக்கூட்டம் ஜூன் மாதத்தில் விடியலுக்குச் சற்று முன் கிழக்கே மீண்டும் தோன்றும்போது, புதிய நிலத்துக்கான வேலை தொடங்குகிறது. செப்டம்பர் தொடக்கத்தில் அதே வைகறை வேளையில் அது உச்சியை நெருங்கியிருக்கும். எரித்து விதைக்கும் காலம் அதுவே. ஜூன் இரண்டாம் வாரம் முதல், கிழக்கு அடிவானம் மறைபடாத ஓரிடத்தில் காலை 4.30 மணிக்கு நின்று பாருங்கள். மேகம் மறைக்கக்கூடும் என்பதால் ஒரு நாளோடு விட்டுவிட வேண்டாம்.

இரண்டாம் படி: நண்பகல் நிழலை அளத்தல்

போர்னியோவின் கென்யா இனத்தார் (ஆப்பிரிக்க நாட்டுக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை) சமதரையில் ஒரு கம்பத்தைச் செங்குத்தாக நட்டு, அதன் நண்பகல் நிழலைக் குறியிட்ட குச்சியால் அளந்தனர். அளப்பவர் தாமே பயிரிடாமல், ஊரார் தரும் நெல்லைக் கொண்டு வாழ்ந்தார். ஓர் ஊரே அவர் கணிப்பை நம்பி விதைத்தது என்பதை எண்ணும்போது எனக்கு அவர்மீது பெருமதிப்பு எழுகிறது. அதே தீவின் காயான் இனத்தாரோ கூரைத் துளை வழியே விழும் ஒளிப்பொட்டின் இடத்தை அளந்தார்கள்.

நீங்கள் 2 மீட்டர் கம்பு ஒன்றை நட்டு, தூக்குநூல் கொண்டு நேர் பாருங்கள். நண்பகல் என்பது நிழல் மிகக் குறுகும் கணமே தவிர, கடிகாரத்தின் 12 மணி அன்று. ஆகவே பல குறிகள் இட்டு, மிகக் குறுகியதை எடுத்துக்கொள்ளுங்கள். நிழல் எந்தத் திசையில் விழுகிறது என்பதையும் எழுதுங்கள்: சென்னையில் ஏப்ரல் பிற்பகுதி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை அது தெற்கே விழும். ஜூன், டிசம்பர் மாதங்களின் பிற்பகுதியில் நிழல் நாளுக்கு நாள் அசைவதே தெரியாது. செப்டம்பரிலோ நாளொன்றுக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நகரும். விதைக்கும் காலத்தில்தான் இக்கருவி மிக நுட்பமாகப் பேசுகிறது.

மூன்றாம் படி: காட்டின் குறிகளைத் தனியே எழுதுதல்

தொடக்கநிலையாளர் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். போர்னியோவின் டிப்டெரோகார்ப் என்னும் உயர்ந்த மழைக்காட்டு மரங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஒழுங்கற்ற இடைவெளியில், ஒருசேரப் பூக்கின்றன. விதை கொட்டும்போது தாடிப்பன்றிகள் கூட்டமாக இடம்பெயர்கின்றன. இது வேட்டைக்கும் எண்ணெய்க்கொட்டை பொறுக்கவும் உதவும் குறியே அன்றி, ஆண்டுக் கணக்கன்று. எனவே பூத்தல், காய்த்தல், பறவை வரவு ஆகியவற்றைத் தனிப் பத்தியில் எழுதி, ஒவ்வொன்றின் அருகிலும் அன்றைய நிழலின் நீளத்தையும், வைகறையில் கார்த்திகை நின்ற உயரத்தையும் குறித்து வையுங்கள்.