ஆன்டி டிபிஓ குறையவில்லையே என்று கவலைப்படுகிறவர்களுக்கு

ஒரு தைராய்டு நோயாளியின் ரிப்போர்ட் ஃபைலைப் பிரித்துப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்கு நான் போட்டவை. ஜனவரியில் ஆன்டி டிபிஓ (தைராய்டு சுரப்பிக்கு எதிராக உடலே உண்டாக்கும் ஆன்டிபாடி) 480, ஆகஸ்டில் 310. வீட்டில் ஒரே சந்தோஷம். அடுத்த ஜனவரியில் வேறு லேபில் எடுத்தால் 560. உடனே கோதுமையை நிறுத்து, பாலை நிறுத்து என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். அதே தாளில் இரண்டு வரி மேலே டி.எஸ்.எச், அதாவது தைராய்டைச் சுரக்கச் சொல்லும் ஹார்மோனின் அளவு, இருக்கிறது. மூன்று முறையும் 2-க்கும் 3-க்கும் நடுவில், நார்மல்தான். அதை யாரும் பார்க்கவில்லை.

ஆன்டிபாடியைச் சர்க்கரை அளவு மாதிரி நினைப்பதுதான் முதல் தவறு. உடலின் எதிர்ப்பு சக்தியே தைராய்டைத் தாக்கும் ஹாஷிமோட்டோ நோயில் சுரப்பியை அழிப்பது பெரும்பாலும் வெள்ளை அணுக்களின் வேலை. டிபிஓ ஆன்டிபாடி அதற்கு ஓர் அடையாளம். தைராய்டு ஹார்மோனான தைராக்ஸின் மாத்திரை சாப்பிடச் சாப்பிட அது சில வருடங்களில் மெதுவாக இறங்கும், ஆனால் பெரும்பாலோருக்கு நார்மலைத் தொடாது. தொடாவிட்டாலும் பரவாயில்லை, மாத்திரையின் அளவைத் தீர்மானிப்பது டி.எஸ்.எச்தான். இறங்கினால் நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. சுரப்பி சுருங்கி ஓய்ந்துபோனதாலும் சிலருக்கு இறங்கும். நோயை உறுதி செய்தபின் இந்த டெஸ்ட்டை மாதாமாதம் எடுப்பது வீண் செலவு என்பது என் கருத்து.

எடுத்தே ஆக வேண்டுமென்றால் ஒரே லேபில் எடுங்கள். ஒரு கம்பெனியின் டெஸ்ட் கிட்டில் நார்மல் வரம்பு 34, இன்னொன்றில் 60, வேறொன்றில் 9. இரண்டு லேப் எண்களைப் பக்கத்தில் வைத்து ஏறியது, இறங்கியது என்று பேசவே முடியாது. "600-க்கு மேல்" என்று மட்டும் வந்தால் அது மெஷினின் எல்லை. உண்மை அளவு 700 ஆகவும் இருக்கலாம், 3000 ஆகவும் இருக்கலாம்.

அப்புறம் பயோட்டின் என்ற வைட்டமின். முடி கொட்டுகிறது என்று கடையில் வாங்கிச் சாப்பிடும் மாத்திரைகளில் 5, 10 மில்லிகிராம் வரை இருக்கும். சில வகை கிட்களில் அது ஆன்டிபாடியையும் டி4 (தைராக்ஸின்) அளவையும் பொய்யாக ஏற்றி, டி.எஸ்.எச்சைப் பொய்யாக இறக்கிக் காட்டும். இல்லாத கிரேவ்ஸ் நோய் (தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கும் நோய்) இருப்பதுபோல ரிப்போர்ட் வரும். ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது 2 நாள் முன்பே நிறுத்த வேண்டும், சாப்பிடுவதை லேபிலும் சொல்ல வேண்டும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: "டி.எஸ்.எச் நார்மல்தானே" என்று மறந்துவிடுவது. இங்கிலாந்தின் விக்காம் பகுதியில் 20 வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வில், ஆன்டிபாடி மட்டும் இருந்த பெண்களில் வருடத்துக்கு சுமார் 2 சதவீதம் பேருக்குத் தைராய்டு குறைபாடு வந்தது, டி.எஸ்.எச்சும் கூடியிருந்தவர்களில் 4 சதவீதத்துக்கு மேல். வருடம் ஒரு முறை டி.எஸ்.எச் பார்த்தால் போதும்.

கர்ப்பத்தில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். அந்த மாதங்களில் ஆன்டிபாடி தானாக இறங்கும், பிரசவத்துக்குப் பின் சில மாதங்களில் மறுபடி ஏறும். இறங்கியதைப் பார்த்துக் குணமாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்தக் கூடாது. பிரசவமாகி இரண்டு மூன்று மாதத்தில் படபடப்பு, அப்புறம் எழுந்திருக்க முடியாத சோர்வு என்றால் "பிள்ளை பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் சொல்வார்கள். டி.எஸ்.எச் பார்த்துவிடுங்கள்.

எண்ணை நிஜமாகவே கவனிக்க வேண்டிய இடம் கிரேவ்ஸ் நோய். அங்கே டிஆர்ஏபி என்ற ஆன்டிபாடியே சுரப்பியைத் தூண்டி நோயை உண்டாக்குகிறது. சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோல் மாத்திரையை 12 முதல் 18 மாதம் சாப்பிட்டு நிறுத்தும் முன் அதைப் பார்க்க வேண்டும். இன்னும் கூடுதலாக இருந்தால், நிறுத்தியதும் நோய் திரும்பி வர வாய்ப்பு அதிகம். சுரப்பியை அடக்க ரேடியோ அயோடின் கொடுத்தபின் அது சில மாதங்களுக்கு ஏறும், ஒரு வருடம் தாண்டியும் நிற்கலாம். ஆபரேஷனுக்குப் பின் மெல்ல இறங்கும்.

இதில்தான் பெரிய தவறு நடக்கிறது. ஒரு பெண்ணுக்குக் கிரேவ்ஸுக்காகச் சுரப்பியை எடுத்தாகிவிட்டது, தைராக்ஸின் சாப்பிடுகிறார், டி.எஸ்.எச் சரியாக இருக்கிறது. கர்ப்பமானதும் டாக்டரிடம் "தைராய்டு மாத்திரை சாப்பிடுறேன்" என்று மட்டும் சொல்கிறார். மிச்சமிருக்கும் ஆன்டிபாடி நஞ்சுக்கொடி தாண்டிப் போய்க் குழந்தையின் சுரப்பியைத் தூண்டலாம். "கிரேவ்ஸுக்காக ஆபரேஷன் செய்தது" என்ற வார்த்தையையும் சேர்த்துச் சொன்னால், ஆரம்பத்திலேயே டிஆர்ஏபி பார்ப்பார்கள். கூடுதலாக இருந்தால் 18 முதல் 22 வாரத்துக்குள் மறுபடியும் பார்ப்பார்கள்.