பழைய கம்ப்யூட்டருக்கு இன்னும் செலவு செய்யலாமா?

போன வாரம் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் என் பக்கத்தில் நின்ற கல்லூரிப் பையன் ஒருவன் தன் பழைய கம்ப்யூட்டருக்கு டிடிஆர்3 ரேம் (பழைய வகை மெமரி) கேட்டுக்கொண்டிருந்தான். "அடுத்த மாசம் பிராசஸர், அப்புறம் கிராபிக்ஸ் கார்டு" என்றான். 2018-ல் நான் போட்ட அதே கணக்கு. மனம் கேட்கவில்லை, ஓரமாகக் கூப்பிட்டுப் பேசினேன். இதில் நடக்கும் தப்புகள் என்று அவனிடம் சொன்னதைத்தான் இங்கும் எழுதுகிறேன். பேக்கப் எடுங்கள், கரன்ட்டை அணைத்துவிட்டுக் கழற்றுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

தவணை தவணையாகப் பணம் போடுவது

அப்போது என்னிடம் இருந்தது இன்டெல்லின் மூன்றாம் தலைமுறை ஐ3 பிராசஸர் போட்ட மெஷின். முதலில் ரேம், 4,500 ரூபாய். போதவில்லை. இரண்டு மாதம் கழித்து, யாரோ கழற்றி விற்ற ஐ7-3770 பிராசஸர், 8,000. பிறகு கிராபிக்ஸ் கார்டு. அதற்கு ஆறு பின் பவர் ஒயர் வேண்டும். பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் (பவர் சப்ளை) அது இல்லை. அதற்கு ஒரு 3,000. ஒவ்வொரு தடவையும் 'இத்தோடு சரி' என்றுதான் நினைத்தேன்.

பத்தாவது மாதம் மதர்போர்டு போய்விட்டது. பிராசஸர் உட்காரும் அந்த 1155 சாக்கெட்டுக்குப் பெரிய கம்பெனிகள் போர்டு செய்வதை எப்போதோ நிறுத்தியிருந்தன. கிடைத்ததெல்லாம் கழற்றிய போர்டும் பெயர் தெரியாத போர்டும்தான். புது மெஷின் வாங்கினேன். பிராசஸர் அதில் உட்காரவில்லை. ரேமும் ஏறவில்லை, புது மெஷினின் டிடிஆர்4 வகை ரேமில் வெட்டு இருக்கும் இடமே வேறு, வோல்டேஜும் வேறு. ரேமுக்கும் பிராசஸருக்கும் போட்ட அந்த 12,500 ரூபாய் இன்னும் டிராயரில் கிடக்கிறது. நினைத்தால் இப்போதும் எரிச்சலாக இருக்கிறது. யாரும் ஏமாற்றவில்லை. மொத்தத்தைக் கூட்டிப் பார்க்காததுதான் தப்பு.

அதனால் எதை வாங்கினாலும் ஒன்று கேளுங்கள்: இது அடுத்த மெஷினுக்கும் கூட வருமா? 2.5 இஞ்ச் எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்குக்குப் பதில் போடும் வேகமான டிஸ்க்) அநேகமாக வரும்; இடமில்லாவிட்டாலும் ஒரு யுஎஸ்பி பெட்டியில் போட்டு வெளி டிஸ்க்காக வைத்துக்கொள்ளலாம். மானிட்டர் வரும். நல்ல எஸ்எம்பிஎஸ்ஸும் பெரும்பாலும் வரும். டிடிஆர்3 ரேமும் பழைய சாக்கெட் பிராசஸரும் வராது. வராத பொருள்களுக்கு மொத்தம் எவ்வளவு ஆகும் என்று முதல் நாளே ஒரு தாளில் எழுதுங்கள். புது மெஷின் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் நான் தொடமாட்டேன்.

எதனால் மெஷின் மெதுவாகிறது என்று பார்க்காமல் ரேம் போடுவது

கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். மெஷின் திணறும் நேரத்தில் பாருங்கள். மெமரி பாதிதான் நிரம்பியிருக்கிறது, டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நிற்கிறது என்றால் ரேம் போட்டுப் பயனில்லை. ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள்.

"ஐ5 தானே" என்று நம்புவது

2012-ல் வந்த ஐ5-3470-ம் ஐ5, 2017-ல் வந்த ஐ5-8400-ம் ஐ5. முன்னதில் நாலு கோர் (பிராசஸருக்குள் வேலை பார்க்கும் பகுதி), பின்னதில் ஆறு. விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாஃப்ட் அதிகாரபூர்வமாக அனுமதிப்பது பின்னதில்தான். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு (பாதுகாப்பு அப்டேட்கள்) 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 10-லேயே பேங்க் வேலை பார்ப்பவர்கள் இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிரவுசர் மட்டும் போதும் என்றால் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டு இன்னும் சில வருடம் ஓட்டலாம்.

வீங்கிய லேப்டாப் பேட்டரி

அதோடு ஓட்டாதீர்கள். இன்றே மாற்றுங்கள்.

ஸ்லாட் இருக்கிறதா என்று பார்க்காமல் லேப்டாப் ரேம் வாங்குவது

பல மாடல்களில் ரேம் போர்டிலேயே சால்டர் ஆகியிருக்கும்.

புதுசு என்றாலே வேகம் என்று நினைப்பது

எதிர்வீட்டு அக்கா தன் பெண்ணின் படிப்புக்காக செலரான் என்4020 பிராசஸர் உள்ள லேப்டாப் ஒன்றை வாங்கினார். இரண்டே கோர், 4 ஜிபி ரேம், 64 ஜிபி இஎம்எம்சி (போர்டிலேயே ஒட்டியிருக்கும், எஸ்எஸ்டியைவிட மெதுவான ஸ்டோரேஜ்). வீட்டில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த நாலு கோர் ஐ5 டெஸ்க்டாப்பைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டார். எஸ்எஸ்டி மட்டும் மாற்றியிருந்தால் அந்த டெஸ்க்டாப் இந்த லேப்டாப்பைவிட வேகமாக ஓடியிருக்கும். இப்போது இரண்டு டேப் திறந்தாலே திணறுகிறது என்று அந்தப் பெண் என்னிடம் எடுத்து வருகிறாள். அதில் நான் மாற்றிக்கொடுக்க ஒன்றுமே இல்லை.