கால்பந்தில் பிறவித் திறமையா, உழைப்பா? பிள்ளைகளை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓசூர் அந்திவாடி மைதானமோ, தருமபுரி மாவட்ட விளையாட்டு அரங்கமோ, ஆட்டம் முடிந்து பையன்கள் பூட்ஸைக் கழற்றும் நேரத்தில் கிளம்பும் வாக்குவாதம் ஒன்றுதான். மெஸ்ஸி பிறவிக் கலைஞன், ரொனால்டோ உழைத்து உடம்பை ஏற்றி மேலே வந்தவன். இதில் யார் பெரியவர்? ரசிகர்கள் பேசட்டும், அதில் ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் பெற்றோரும் பயிற்சியாளர்களும் இதே அளவுகோலைத் தூக்கிக்கொண்டு பன்னிரண்டு வயதுப் பிள்ளையை எடைபோட ஆரம்பிக்கும்போதுதான் சிக்கல். சென்னை, கன்னியாகுமரி போலக் கால்பந்து ஊறிய மாவட்டங்கள் இல்லை நம்முடையவை. ஆட வருகிற பிள்ளைகளையும் தப்புக் கணக்குப் போட்டு இழந்துவிட்டால் நமக்கு மிஞ்சுவது என்ன?

முதலில், அந்த மெஸ்ஸி - ரொனால்டோ பிரிவினையே தவறு. வளர்ச்சி ஹார்மோன் குறைபாடு இருந்ததால் மெஸ்ஸி சிறுவயதில் தினமும் ராத்திரி காலில் ஊசி போட்டுக்கொண்டவர். 2000-ல், 13 வயதில், அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரை விட்டு ஸ்பெயினின் பார்சிலோனாவுக்குப் போனார். அங்கே லா மாசியா அகாடமியில் வருடக்கணக்கில் பந்து வாங்குவதும் கொடுப்பதுமாகப் பயிற்சி. இதை உழைப்பில் சேர்க்காமல் வேறு எதில் சேர்ப்பது? ரொனால்டோ கதையோ நாம் நினைப்பதற்கு நேர்மாறு. போர்ச்சுகலின் மடெய்ரா தீவிலிருந்து 12 வயதில் வீட்டைப் பிரிந்து லிஸ்பன் போனவர், 2003 ஆகஸ்டில் அங்குள்ள ஸ்போர்ட்டிங் அணிக்காக மான்செஸ்டர் யுனைடெட்டுடன் ஒரு நட்பு ஆட்டத்தில் இறங்கினார். வயது 18, ஒல்லியான உடம்பு. எதிரணித் தடுப்பாட்டக்காரர்களை அவர் திணறடித்தது கால் வித்தையால்தான். அதைப் பார்த்த கையோடு யுனைடெட் அவரை வாங்கியது. இன்று எல்லோரும் வியக்கும் அந்த உடல்கட்டு பிறகு வந்தது. ஆக, ‘உழைப்பாளி’ என்று நாம் பட்டம் கொடுத்தவர் திறமைக்காகவே விலைபோனார்.

இரண்டு பேரிடமும் இரண்டும் இருக்கிறது. டிவியில் நமக்கு ஆட்டம் மட்டும்தான் தெரிகிறது, பயிற்சி தெரிவதில்லை. அதனால்தான் இந்தக் குழப்பம்.

அடுத்தது, பத்தாயிரம் மணி நேரம் உழைத்தால் யாரும் எதிலும் மேதை ஆகலாம் என்ற நம்பிக்கை. மேடையில் பேசுகிறவர்களுக்கு ரொம்பப் பிடித்த கணக்கு இது. இது பிறந்தது 1993-ல் உளவியல் ஆய்வாளர் ஆண்டர்ஸ் எரிக்சனும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வில். அதுவும் வயலின் மாணவர்களைப் பற்றியது. அவர்களில் மிகச் சிறந்தவர்கள் 20 வயதுக்குள் செய்திருந்த பயிற்சியின் சராசரி அந்த எண். அதை எட்டாதவர்களும் அந்தக் குழுவில் இருந்தார்கள். இதை ஒரு விதியாக்கியதை எரிக்சனே ஏற்கவில்லை. மணிக்கணக்கைவிட, அந்த நேரத்தில் என்ன பயிற்சி செய்கிறோம் என்பதே முக்கியம் என்றார்.

இங்கேதான் நம் மைதானங்களில் நடப்பதைச் சொல்ல வேண்டும். காலையில் பிள்ளைகள் வந்ததும் பத்து ரவுண்டு ஓட விடுகிறோம். 400 மீட்டர் டிராக்கில் பத்து சுற்று என்றால் 4 கிலோமீட்டர். வியர்த்துக் கொட்டுகிறது, அப்பா அம்மாவுக்கும் திருப்தி. ஒரு தொழில்முறை வீரர் ஒரு ஆட்டத்தில் 10 முதல் 12 கிலோமீட்டர் ஓடுகிறார் என்பது உண்மைதான். ஆனால் ஒரே வேகத்தில் வட்டமடித்து ஓடுவதில்லை. நடக்கிறார், நிற்கிறார், திடீரென்று சீறுகிறார், திரும்புகிறார். 90 நிமிடத்தில் பந்து அவர் காலில் இருப்பது சில நிமிடங்கள்தான். மற்ற நேரமெல்லாம் எங்கே நிற்பது, யார் வருகிறார், பந்து வந்தால் என்ன செய்வது என்ற யோசனை. நார்வே ஆய்வாளர் கெய்ர் யோர்டெட் இங்கிலாந்தின் பிரீமியர் லீக் வீரர்களை ஆராய்ந்ததில், பந்து வருமுன் தலையைத் திருப்பித் திருப்பிச் சுற்றிலும் பார்ப்பவர்களின் பாஸ் அதிகம் பலிப்பதைக் கண்டார். ‘அவனுக்குப் பின்னாலும் கண்ணு’ என்று நாம் வியப்பதில் பெரும்பங்கு இந்தப் பழக்கம்தான். இது கற்றுக்கொள்ளக்கூடியது.

செலவும் இல்லை. ஒரு பையன் பந்தைச் சுவரில் உதைக்கட்டும். அவனுக்குப் பின்னால் ஏழெட்டு அடி தள்ளி இன்னொருவன் நின்று விரல்களைக் காட்டட்டும். சுவரில் பட்ட பந்து திரும்பிக் காலுக்கு வருமுன் முதல் பையன் தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்து, எத்தனை விரல் என்று சொல்லிவிட்டு, அப்புறம்தான் பந்தைத் தொட வேண்டும். முதல் நாள் பந்து காலைத் தாண்டி ஓடும், இல்லை எண் தப்பாக வரும். விடாமல் செய்தால் பார்ப்பதும் பந்தைத் தொடுவதும் சேர்ந்தே பழகிவிடும்.

இப்போது நான் மிகப் பெரியதாக நினைக்கும் தவறு: உயரத்தையும் உடம்பையும் பார்த்துப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுப்பது. பள்ளிப் போட்டிகளில் 14 வயதுக்குட்பட்டோர் பிரிவு இருக்கிறது. அந்த வரிசையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒரே வகுப்பில் படிக்கும் இரண்டு பையன்களில் ஒருவனுக்கு மீசை அரும்பி, குரல் உடைந்து, தோள் விரிந்திருக்கும். மற்றவன் இன்னும் குழந்தை. சான்றிதழில் வயது ஒன்றானாலும் எலும்பு வளர்ச்சியில் மூன்று நான்கு ஆண்டு வித்தியாசம்கூட இருக்கலாம். பிறந்த மாதமும் சேர்ந்துகொள்கிறது: ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் வந்தால் கிட்டத்தட்ட ஒரு வருட வளர்ச்சி முன்னவனுக்கு லாபம். ஐரோப்பிய அகாடமிகளில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே அதிகம் இடம்பிடிப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

விளைவு இரண்டு பக்கமும் நஷ்டம். பெரிய பையன் பந்தை முன்னால் தட்டிவிட்டு ஓடியே கோல் போடுவான். கைதட்டல் கிடைக்கும்போது பந்தோடு திரும்பவும் பாஸ் கொடுக்கவும் அவன் எதற்குக் கற்றுக்கொள்ளப் போகிறான்? 17 வயதில் மற்றவர்கள் வளர்ந்து அவனை எட்டிப்பிடித்ததும் கையில் ஒன்றும் இருக்காது. சின்னப் பையனோ அதற்குள் பென்ச்சில் உட்கார்ந்து அலுத்துப்போய் ஆட்டத்தையே விட்டிருப்பான். குரோஷியாவின் லூகா மோட்ரிச்சை உடம்பு போதாது என்று அந்நாட்டு ஹைடுக் ஸ்ப்ளிட் கிளப் திருப்பி அனுப்பியது. 2018-ல் உலகின் சிறந்த வீரருக்கான பாலோன் தோர் விருது அவர் கையில். இங்கிலாந்தின் ஜேமி வார்டியை 16 வயதில் ஷெஃபீல்ட் வென்ஸ்டே கிளப் குள்ளம் என்று விட்டுவிட்டது. 2016-ல் லெஸ்டர் சிட்டியோடு பிரீமியர் லீக் கோப்பையைத் தூக்கினார்.

இதைப் படித்துவிட்டு ‘குள்ளமானவன்தான் கெட்டிக்காரன்’ என்று எதிர்ப்பக்கம் சாய்வதும் தவறு. ஒதுக்கப்பட்டவர்களில் திரும்பி வந்த ஒன்றிரண்டு பேரின் பெயர்தான் நமக்குத் தெரியும். உடல்வலு மட்டமான விஷயமும் இல்லை. 165 செ.மீ. உயரமே இருந்த மரடோனா உதைகளைத் தாங்கி நின்றது இடுப்பிலும் தொடையிலும் இருந்த பலத்தால். இந்திய வீரர் சுனில் சேத்ரி 170 செ.மீ. தான், ஆனாலும் தலையால் முட்டிக் கோல் போட்டவர். எப்போது எம்புவது, கையை எங்கே வைத்துக்கொள்வது என்பதெல்லாம் பயிற்சியில் வருவது. சின்னப் பையனுக்கும் அதைக் கற்றுக்கொடுக்க வேண்டும். ‘நீ ஒதுங்கி ஆடு’ என்று சொல்லி வளர்க்கக் கூடாது.

பெண் பிள்ளைகளிடம் ‘இது வலுவான ஆட்டம், உனக்கு வேண்டாம்’ என்று சொல்வதைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. தமிழ்நாடு மகளிர் அணி 2018-லும் 2023-லும் தேசிய சாம்பியன். போதும்.

சாப்பாட்டில் ஒரு வார்த்தை. ரொனால்டோ உடம்பைப் பார்த்துவிட்டு 13 வயதுப் பையனுக்குப் புரோட்டீன் பவுடர் டப்பா வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நம் பக்கத்துக் கேழ்வரகுக் களியில் சுண்ணாம்புச் சத்து தாராளமாக இருக்கிறது. கூடவே முட்டை, பயறு, நிலக்கடலை, கீரை, நல்ல தூக்கம். இந்த வயதுக்கு அதுவே சரி.

வேகமாக வளரும் மாதங்களில் பிள்ளையின் கால் அவன் சொல்பேச்சு கேட்காது. நேற்று வரை ஒழுங்காக நின்ற பந்து இன்று தெறித்துப் போகும். முட்டிச் சில்லுக்குக் கீழே எலும்பு புடைத்து, தொட்டால் வலிக்கலாம். இதை ‘சோம்பேறி ஆயிட்டான்’ என்று எடுத்துக்கொண்டு கூடுதல் ரவுண்டு ஓட விடுவது கொடுமை. குதிக்கிற பயிற்சியைக் குறையுங்கள், வலி நீடித்தால் டாக்டரிடம் காட்டுங்கள். இது வருமுன் தெரிந்துகொள்ள, மாதம் ஒருமுறை சுவரில் நிற்கவைத்து உயரத்தைக் குறித்துவைத்தாலே போதும். இங்கிலாந்து அகாடமிகள் சில ஆட்டங்களுக்குப் பிள்ளைகளை வயதை விட்டு வளர்ச்சிப்படி பிரித்து ஆடவிடுகின்றன. நாமும் வாரத்தில் ஒருநாள் அப்படிப் பிரிக்கலாம். பெரிய பையன்கள் தமக்குச் சமமானவர்களோடு மோதும்போது ஓடியே தப்பிக்க முடியாது. சின்னவர்கள் அன்றைக்காவது பந்தை நிதானமாக வைத்து ஆடுவார்கள். மாவட்ட அணிக்குப் பெயர் வாசிக்கும் நாளில், விடுபட்ட பையனிடம் காரணத்தைச் சொல்லி, பயிற்சிக்கு வரச் சொல்லி, ஆறு மாதம் கழித்து அவனை மறுபடி ஆடவைத்துப் பாருங்கள்.