டிராக்டர் எல்இடி விளக்குக்குள் தண்ணீர் எப்படிப் போகிறது?

ஐப்பசி மழையெல்லாம் நனைந்தும் ஒன்றும் ஆகாத எல்இடி பார் (டிராக்டரில் மாட்டும் நீள விளக்கு), பம்புசெட்டில் வண்டியைக் கழுவிய அன்று கண்ணாடிக்குள் ஆவி கட்டி நிற்கும். டெல்டா பக்கம் இது சகஜம். உடனே விளக்கு வாங்கிய கடைக்காரரைத் திட்டுவோம். கோளாறு பெரும்பாலும் கழுவியதிலும் மாட்டியதிலும்தான்.

ராத்திரி சேடை (சேற்று உழவு) ஓட்டி முடித்த கையோடு, சூடாக இருக்கும் விளக்கின் மேல் தண்ணீர் அடிக்கக் கூடாது. உள்ளே சூட்டில் விரிந்திருந்த காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கும். அந்த இழுப்பில், எந்த இடுக்கு கிடைத்தாலும் தண்ணீர் உள்ளே போய்விடும். இதற்காகவே நல்ல விளக்குகளில் காற்று மட்டும் போய்வர ஒரு சின்ன சவ்வுத் துளை இருக்கும். அதை ஓட்டை என்று நினைத்து சிலிக்கான் வைத்து அடைத்துவிடுகிறார்கள். அப்புறம் இழுப்பு முழுவதும் ரப்பர் வளையத்தின் மேல் விழும்; உள்ளே போன ஈரமும் வெளியே வராது. எங்காவது சிலிக்கான் பூசியே ஆக வேண்டுமென்றால் வினிகர் வாடை அடிப்பதை வாங்காதீர்கள், அது செம்பை அரிக்கும். நியூட்ரல் வகை என்று கேட்டு வாங்குங்கள்.

விளக்கில் போட்டிருக்கும் ஐபி67 என்பது ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்ற சோதனை. வாட்டர் சர்வீஸ் பிரஷர் கன்னுக்கும் அது பொருந்தும் என்று நம்பிவிட வேண்டாம்.

தண்ணீர் போகும் இன்னொரு வழி யாருக்கும் தோன்றாது: ஒயர். முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட்டில் சித்திரை வெயிலுக்குப் பசை இளகிவிடும். அதன் வழியே புகுந்த ஈரம், உறைக்குள் செம்பு இழைகளைப் பிடித்துக்கொண்டு ஸ்ட்ராவில் ஏறுவதுபோல் விளக்குவரை போய்விடும். டேப்பைப் பிரித்துப் பார்த்தால் செம்பு பச்சை பூத்திருக்கும். உட்புறம் பசை உள்ள, சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் போட்டால் இந்தத் தொல்லை இல்லை. ஒயரைக் கனெக்டருக்குக் கீழே கொஞ்சம் தொங்கவிட்டு மேலே கொண்டுவந்தால், வழியும் தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும்.

எர்த் ஒயரைப் பெயிண்ட் மேல் முடுக்காதீர்கள். இரும்பு தெரியச் சுரண்டி, முடுக்கிய பிறகு மேலே கிரீஸ் தடவுங்கள். நாகை, வேதாரண்யம் பக்கத்து உப்புக் காற்றில் இதைத் தள்ளிப்போடவே முடியாது.

36 வாட் பார் ஒன்று 12 வோல்ட்டில் 3 ஆம்பியர் இழுக்கும். நான்கு மாட்டினால் 12 ஆம்பியர். இதை ஹெட்லைட் சுவிட்சிலிருந்து எடுத்தால் சுவிட்ச் உருகிவிடலாம். ரிலே (சுவிட்ச் தரும் சிறு கரண்டில் பெரிய கரண்டைத் திறந்து மூடும் கருவி) போட்டு பேட்டரியிலிருந்து நேராக எடுங்கள். 15 ஆம்பியர் ஃபியூஸ் பேட்டரியை ஒட்டியே இருக்கட்டும். விளக்குப் பக்கத்தில் ஃபியூஸ் வைத்தால், நடுவில் ஒயர் உரசி ஷார்ட் ஆகும்போது அது காப்பாற்றாது.

வயல் விளக்குக்குத் தனி சுவிட்ச் அவசியம். ரோட்டில் ஏறும்போது அணைத்துவிடுங்கள். முன்பக்க வயல் விளக்கு எதிரே வருகிறவரின் கண்ணைக் கூச வைக்கும் என்பது தெரிந்ததுதான். பின்பக்க வெள்ளை விளக்கு அதைவிட மோசம்: பின்னால் பைக்கில் வருகிறவருக்கு, வண்டி போகிறதா எதிரே வருகிறதா என்றே தெரியாது.